டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய ஷேர் பத்திரம்: வ.உ.சி., பி.ஏ.சி.ராமசாமி ராஜா, அப்புறம் உங்க தாத்தா



டிஎன்பிஎஸ்சி-க்கு ஒரு தடவையாவது படிச்சவங்களுக்கு இந்தப் பட்டியல் மனப்பாடமா இருக்கும். பொருளியலின் தந்தை யார்? ஆடம் ஸ்மித். இந்தியப் பசுமைப் புரட்சியின் தந்தை? எம்.எஸ்.சுவாமிநாதன். வெண்மைப் புரட்சியின் தந்தை? வர்கீஸ் குரியன். நம்ம சேனல் பார்க்கிறவங்க இதோட இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்துக்குவாங்க. வேல்யூ இன்வெஸ்டிங்கின் தந்தை பெஞ்சமின் கிரஹாம், இண்டெக்ஸ் ஃபண்டின் தந்தை ஜான் போகல்.

இந்தப் பட்டியல்ல ஒரு கேள்வி மட்டும் வரவே வராது. அவங்க ஆரம்பிச்ச காரியத்துக்குப் பணம் போட்டது யாரு?

இந்தக் கேள்வி எனக்கு ராஜபாளையத்துல வந்தது. போன மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில பக்கத்துல உட்கார்ந்தவர் நம்ம வீடியோ பார்க்கிறவர். "சார், சாயந்திரம் ஒரு அரைமணி நேரம் இருப்பீங்களா?"ன்னு கேட்டுட்டுப் போனார். சொன்ன மாதிரியே ஒரு மஞ்சப்பையோட வந்தார். உள்ளே நாலு பழைய ஷேர் பத்திரம். ஓரமெல்லாம் பழுப்பேறி, மடிப்புல கிழிஞ்சு, ஒண்ணுல கரையான் கொஞ்சம் வேலையைக் காட்டியிருந்தது. அவங்க அப்பா பஞ்சுக் கமிஷன் மண்டியில கணக்கு எழுதினவர். அப்பா தவறி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. வீடு இடிச்சுக் கட்டும்போது பரண்ல இருந்த டிரங்குப் பெட்டியில கிடைச்சதாம்.

அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் இந்தப் பதிவுக்கே காரணம். "இதெல்லாம் அந்தக் கால முதலாளிகளோட கம்பெனி சார். அப்பா ஒரு மரியாதைக்கு வாங்கி வெச்சிருப்பாரு."

மரியாதைக்கு வாங்கினது! இதை எத்தனை வீட்ல கேட்டிருக்கேன் தெரியுமா? தொழில் தொடங்கினவரை நாம தெய்வமா பார்க்கிறோம். அது தப்பில்லை. ஆனா அந்தத் தொழில்ல நம்ம அப்பாவும் தாத்தாவும் காசு போட்டு உரிமையாளர் ஆனாங்க, அந்த உரிமை இன்னைக்கும் உயிரோட இருக்கலாம்ங்கிறதை மட்டும் சுத்தமா மறந்துடுறோம். இன்னொரு பக்கம், நிறுவனர் மேல இருக்கிற மரியாதையிலயே ஷேர் வாங்குறவங்களும் இருக்காங்க. ரெண்டுமே பணத்தைக் காவு வாங்கும். எப்படின்னு ரெண்டு பெரிய மனிதர்களை வெச்சுப் பார்ப்போம். ஒருத்தர் தூத்துக்குடி, இன்னொருத்தர் ராஜபாளையம்.

25 ரூபாய்க்குக் கப்பலில் ஒரு பங்கு

வ.உ.சிதம்பரனாரை கப்பலோட்டிய தமிழன்னுதான் நமக்குத் தெரியும். செக்கிழுத்த செம்மல்னு தெரியும். ஆனா அவர் செஞ்ச காரியத்தை இன்னைய பாஷையில சொன்னா, அது ஒரு பப்ளிக் இஷ்யூ!

1906 அக்டோபர் 16-ம் தேதி சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனத் திட்டம் 10 லட்சம் ரூபாய். ஒரு ஷேர் 25 ரூபாய் வீதம் 40,000 ஷேர். தலைவராக இருந்தவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். பாலவநத்தம் நம்ம விருதுநகர் மாவட்டத்துல அருப்புக்கோட்டைப் பக்கம்தான் இருக்கு. மதுரையில 1901-ல் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினவரும் இவரேதான். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வியாபாரி ஒருத்தர் மட்டும் 8,000 ஷேர் வாங்கினார். கணக்குப் போட்டுப் பாருங்க: 8,000 பெருக்கல் 25, அதாவது 2 லட்சம். மொத்தத் திட்டத்துல ஐந்தில் ஒரு பங்கு ஒரே மனுஷன்கிட்ட இருந்து வந்திருக்கு.

வ.உ.சி. கையில கப்பல் வாங்குற அளவுக்குப் பணம் இல்லை. அவர் ஒட்டப்பிடாரத்துல பிறந்த வக்கீல். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே கப்பல் விடணும்னா, ஊர் ஊராப் போய் ஷேர் விற்கிறதைத் தவிர வேற வழி கிடையாது. காலியா, லாவோன்னு ரெண்டு கப்பல் வந்தது அப்படித்தான்.

எதிர்ல நின்னது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. அவங்க என்ன செஞ்சாங்கன்னு பள்ளிக்கூடப் பாடத்துலயே படிச்சிருப்பீங்க. கட்டணத்தைக் குறைச்சாங்க. அப்புறம் இன்னும் குறைச்சாங்க. கடைசியில சும்மாவே ஏறிக்கோங்க, கூட ஒரு குடையும் தர்றோம்னு சொன்னாங்க. நஷ்டத்தைத் தாங்கும் பலம் யாருக்கு அதிகமோ அவங்க ஜெயிக்கிற விளையாட்டு இது. இன்னைக்கும் ஆன்லைன் டெலிவரி கம்பெனிகள்ல இருந்து டெலிகாம் வரைக்கும் இதேதான் நடக்குது.

1908 மார்ச் 12-ல் வ.உ.சி. கைது ஆனார். அந்த ஜூலையில இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டுல தண்டனை குறைஞ்சு 1912 டிசம்பர்ல வெளியே வந்தப்போ கம்பெனி இல்லை, 1911-லயே கலைச்சுட்டாங்க.

இப்போ ஒரு சங்கடமான கேள்வி கேட்கிறேன், கோவிச்சுக்காதீங்க. 1906-ல் வ.உ.சி.யை நம்பி 25 ரூபாய் போட்ட ஒருத்தர் நல்ல முதலீட்டாளரா?

நாட்டுக்காகப் போட்டார்னா, அவர் போட்டது நூத்துக்கு நூறு சரி. அந்த 25 ரூபாய் நன்கொடை மாதிரி, அதுக்குக் கிடைச்ச பலன் வேற. ஆனா மகள் கல்யாணத்துக்கு வெச்சிருந்த காசை எடுத்துப் போட்டிருந்தார்னா? நிறுவனர் எவ்வளவு பெரிய மனுஷனா இருந்தாலும் போட்டியாளரோட பணபலத்தை அவரோட நேர்மை குறைச்சுடாது. ஒரே ஆளை நம்பி ஓடுற கம்பெனியில அந்த ஆள் இல்லாமப் போனா என்ன ஆகும்னு முன்னாடியே கேட்கணும். கீ மேன் ரிஸ்க்னு இன்னைக்கு எம்பிஏ வகுப்புல சொல்லித் தர்றாங்களே, அதுக்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் எனக்குத் தெரிஞ்சு கிடையாது.

ஒரு நல்ல விஷயமும் இதுல இருக்கு. அது லிமிடெட் கம்பெனி. 25 ரூபாய் போட்டவர் இழந்தது அதிகபட்சம் அந்த 25 ரூபாய்தான். கடன்காரன் அவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. இது எவ்வளவு பெரிய பாதுகாப்புன்னு புரியணும்னா அதே மாசத்துல சென்னையில நடந்ததைப் பார்க்கணும். சுதேசிக் கம்பெனி பதிவாகி ஆறே நாள் கழிச்சு, 1906 அக்டோபர் 22-ல் அர்பத்நாட் கம்பெனி மூழ்கியது. ஊரே மதிச்ச பேரு. சர் பட்டம் வாங்கின முதலாளி. அது சில பங்குதாரர்கள் சேர்ந்து நடத்தின பார்ட்னர்ஷிப். உள்ளே என்ன நடக்குதுன்னு வெளியே யாருக்கும் தெரியாது. பேரை நம்பி டெபாசிட் போட்டவங்க நடுத்தெருவுக்கு வந்தாங்க, சர் ஜார்ஜ் அர்பத்நாட் ஜெயிலுக்குப் போனார். அந்த அடியில இருந்துதான் வி.கிருஷ்ணசாமி ஐயர் போன்றவங்க முயற்சியால 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. நம்ம ஊர் ஆட்கள் ஷேர் போட்டு ஆரம்பிச்ச வங்கி.

1936

வ.உ.சி. 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் காலமானார். அதே 1936-ல்தான் ராஜபாளையத்துல ராஜபாளையம் மில்ஸ் லிமிடெட் தொடங்குது. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நான் சொல்லல. தேதிகளை எடுத்து வெச்சுப் பார்த்தப்போ கண்ணுல பட்டுச்சு, அவ்வளவுதான்.

நிறுவனர் பி.ஏ.சி.ராமசாமி ராஜா, பிறந்தது 1894. மேலே சொன்ன பெஞ்சமின் கிரஹாமும் அதே 1894 ஆள். கிரஹாம் நியூயார்க்குல உட்கார்ந்து ஒரு கம்பெனியோட ஷேரை எப்படி எடை போடுறதுன்னு புத்தகம் எழுதி 1934-ல் வெளியிட்டார். அடுத்த ரெண்டு வருஷத்துல நம்ம ஆள் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல ஒரு கம்பெனியையே உருவாக்க ஆரம்பிச்சார்.

(ஒரு சின்ன இடைச்செருகல். வெளியூர்க்காரங்க இவரையும் பி.எஸ்.குமாரசாமி ராஜாவையும் குழப்பிக்குவாங்க. குமாரசாமி ராஜாவும் ராஜபாளையம்தான். ஆனா அவர் 1949-ல் இருந்து 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சர், அப்புறம் ஒடிசா ஆளுநர். சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். அவர் வேற, இவர் வேற.)

சுத்திலும் கரிசல் காடு, பருத்தி விளையுற பூமி. பக்கத்துல விருதுநகர்ல பஞ்சு வியாபாரம். ஆனா நூல் நூற்கிற பெரிய மில்கள்னா அதுவரைக்கும் இந்தப் பக்கம் ஹார்வி கம்பெனியோடதுதான்: பாபநாசம், தூத்துக்குடி, மதுரை. விளைஞ்ச பஞ்சு வெளியே போய் நூலாத் திரும்பி வந்துக்கிட்டிருந்தது. 1932-ல் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததுக்கு அப்புறம் தமிழ்நாட்டுல உள்ளூர் ஆட்கள் மில் கட்டுறது வேகம் பிடிச்சது. கோயம்புத்தூர் வளர்ந்த கதை உங்களுக்குத் தெரியும். ராஜபாளையம் மில்ஸ் அந்தக் காலகட்டத்துக் குழந்தை. 1939-ல் ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில்ஸ். மருத்துவமனைக்குப் போற பஞ்சு. இன்னைக்கும் ராஜபாளையம் பக்கத்துல சத்திரப்பட்டி போனீங்கன்னா பேண்டேஜ் துணி நெய்யுற தறிச் சத்தம் கேட்கும். 1957-ல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ், ஆலை துலுக்கப்பட்டியில. 1962-ல் அவர் காலமானார்.

இங்கதான் நான் சொல்ல வந்த இடம். 1962-ல் பொறுப்புக்கு வந்த மகன் பி.ஆர்.ராமசுப்பிரமணிய ராஜாவுக்கு அப்போ வயசு 27. சிமெண்ட் கம்பெனி அப்போதான் எழுந்து நிக்குது. வ.உ.சி. கம்பெனிக்கு வந்த அதே சோதனை: நிறுவனர் இல்லை. ஆனா இது தாண்டி வந்தது. மகன் 2017 வரை, ஐம்பது வருஷத்துக்கு மேல நடத்தினார். இப்போ அடுத்த தலைமுறை. மெட்ராஸ் சிமெண்ட்ஸ் 2013-ல் தி ராம்கோ சிமெண்ட்ஸ்னு பேர் மாறியது. இந்தப் பேர் மாற்றத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ராஜபாளையத்துல யாரைக் கேட்டாலும் "அது ராஜாக்கள் மில்லு"ம்பாங்க. சட்டப்படி பார்த்தா அது பங்குதாரர்களோட மில். நிறுவனர் குடும்பம் பெரிய பங்குதாரர், நிர்வாகம் அவங்க கையில. மீதி? தரகு வெச்சு வாங்கின மண்டிக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், சென்னையில இருக்கிற மியூச்சுவல் ஃபண்ட், மும்பையில இருக்கிற யாரோ. நீங்க நாளைக்குக் காலையில ஒரு ஷேர் வாங்கினாலும் அந்த 'மீதி'யில நீங்களும் ஒரு ஆள்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூர் போனா கதை வேற மாதிரி. அங்கே பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு வாங்கியாச்சு. ஆனா "பால்கோவாவின் தந்தை யார்"னு கேட்டா டிஎன்பிஎஸ்சி-லயே பதில் இல்லை! மாடு வெச்சிருக்கிறவங்க சேர்ந்த கூட்டுறவுச் சங்கமும் அந்தப் பேரைச் சுமக்குது. கூட்டுறவுல ஆளுக்கு ஒரு ஓட்டு, கம்பெனியில ஷேருக்கு ஒரு ஓட்டு. இதைப் பத்தி முழுசா ஒரு வீடியோ போடணும்னு ரொம்ப நாளா இருக்கு, இப்போ வேண்டாம்.

முக்கியமா ஒண்ணு. மேலே சொன்ன எந்த ஷேரையும் வாங்குங்கன்னோ விற்றுடுங்கன்னோ நான் சொல்லல. நான் செபியில பதிவு செஞ்ச ஆலோசகர் இல்லை. இது படிப்புக்கு மட்டும்.

"நம்ம ஊரு பேங்க்தானே"

ஒருத்தர் என்னோட பழைய வீடியோ பார்த்துட்டு, "நல்ல நிறுவனர், நூறு வருஷப் பாரம்பரியம், இதைவிட என்ன சார் வேணும்?"னு கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதில் லட்சுமி விலாஸ் வங்கி.

1926-ல் கரூர்ல வி.எஸ்.என்.ராமலிங்க செட்டியார் தலைமையில ஏழு வியாபாரிகள் சேர்ந்து தொடங்கினது. சுத்துவட்டார வியாபாரிகளுக்கும் விவசாயிகளுக்கும் கடன் கொடுத்து வளர்ந்த வங்கி. தொடங்கினவங்க நோக்கத்துல ஒரு குறையும் சொல்ல முடியாது. 2020 நவம்பர்ல ரிசர்வ் வங்கி தடை போட்டது. 25,000 ரூபாய்க்கு மேல எடுக்க முடியாத நிலை. அந்த மாசக் கடைசியிலயே டிபிஎஸ் வங்கியோட இணைச்சாங்க. டெபாசிட் போட்டவங்க பணம் முழுசா காப்பாத்தப்பட்டது. ஷேர் வெச்சிருந்தவங்களுக்கு? பூஜ்யம். குறைவா இல்லை, பூஜ்யம். பங்கு மூலதனம் மொத்தமும் தள்ளுபடி.

அந்த ஷேரை வெச்சிருந்ததுல பல பேர் "நம்ம ஊரு பேங்க்"னு தலைமுறை தலைமுறையா வெச்சிருந்தவங்க. நிறுவனர்கள் 1926-ல் வெச்ச நம்பிக்கை 2015-ல் கொடுத்த கடன்களை வசூல் பண்ணித் தராது.

ராஜபாளையம், சிவகாசி, திருப்பூர், கரூர் மாதிரித் தொழில் ஊர்ல இருக்கிறவங்களுக்கு இதுல இன்னொரு ஆபத்து இருக்கு. சம்பளம் ஒரு தொழில்ல இருந்து. வீட்டு வாடகை அதே தொழில்ல வேலை பார்க்கிறவர்கிட்ட இருந்து. மச்சான் கடை வியாபாரமும் அதே சம்பளத்தை நம்பி. இதுக்கு மேல சேமிப்பையும் அதே தொழில் ஷேர்ல போட்டா, ஒரு வருஷம் நூல் விலை சரிஞ்சா நாலும் சேர்ந்து சரியும். எந்த ஊர்ல வேலை பார்க்கிறீங்களோ அந்த ஊர்த் தொழில் ஷேர் மொத்தச் சேமிப்புல 10 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்னு நான் சொல்லுவேன். 10-ங்கிறது சட்டம் இல்லை, என் அளவுகோல். உங்களுக்கு 5 சரின்னு பட்டா 5.

சரி, மஞ்சப்பைக்கு வருவோம்

உங்க வீட்லயும் இப்படி ஒரு பை இருக்கலாம். முதல்ல செய்யக் கூடாததைச் சொல்லிடுறேன். லேமினேட் பண்ணாதீங்க! பாதுகாப்பா இருக்கட்டும்னு லேமினேட் பண்ணிட்டு வந்து நிக்கிறாங்க. அப்புறம் அதைச் சரிபார்த்து வாங்குறதுல தலைவலி. கிழிஞ்சிருந்தா செல்லோ டேப்பும் ஒட்டாதீங்க. பிளாஸ்டிக் கவர்ல வெச்சு, முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் போட்டோ எடுத்துடுங்க.

பத்திரத்துல ஃபோலியோ நம்பர், சர்டிபிகேட் நம்பர், ஷேரோட வரிசை எண்கள், முகமதிப்பு, யார் பேர்ல இருக்கு, கூட்டா வேற பேர் இருக்கா, இதையெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. பின்பக்கம் பார்க்க மறக்காதீங்க. வேற ஆள்கிட்ட இருந்து கைமாறி வந்திருந்தா கடைசியா யார் பேர் பதிவாகியிருக்குன்னு அங்கேதான் இருக்கும்.

அடுத்து, கம்பெனி உயிரோட இருக்கா? அந்தப் பேர்ல தேடினா கிடைக்காம போகலாம். பேர் மாறியிருக்கும், இல்ல வேற கம்பெனியோட சேர்ந்திருக்கும். மெட்ராஸ் சிமெண்ட்ஸ்னு தேடினா இன்னைக்குச் சந்தையில அந்தப் பேரே இருக்காது, ஞாபகம் இருக்கா? மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்துல பழைய பேரைப் போட்டுப் பார்த்தா நிலவரம் தெரியும். இயங்குதா, பதிவேட்டுல இருந்து நீக்கியாச்சா, கலைப்புல இருக்கா. இயங்குற லிஸ்டட் கம்பெனின்னா அதோட ஆண்டறிக்கையில ஆர்டிஏ யாருன்னு போட்டிருப்பாங்க. ஆர்டிஏ-ன்னா கம்பெனி சார்பா பங்குதாரர் பதிவேட்டைப் பார்த்துக்கிற முகவர். இனி உங்க கடிதப் போக்குவரத்து எல்லாம் அவங்களோடதான்.

"வெறும் 50 ஷேர்தானே"ன்னு அலட்சியமா விட்டுடாதீங்க. ஒரு உதாரணக் கணக்கு: பத்திரத்துல 50 ஷேர், முகமதிப்பு 100 ரூபாய். நடுவுல முகமதிப்பை 10 ரூபாயாப் பிரிச்சா அது 500 ஷேர். அப்புறம் ஒண்ணுக்கு ஒண்ணு போனஸ் கொடுத்தா 1,000. பின்னாடி 1 ரூபாயாப் பிரிச்சா 10,000. பத்திரத்துல இன்னும் 50-ன்னுதான் இருக்கும்.

இப்போ முக்கியமான விஷயம். ஒரு ஷேருக்குத் தொடர்ந்து ஏழு வருஷம் டிவிடெண்ட் வாங்காம விட்டா, அந்த டிவிடெண்ட் மட்டும் இல்லை, ஷேரே ஐஇபிஎஃப்-ங்கிற மத்திய அரசு நிதிக்குப் போயிடும். கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 124. அப்பா இறந்தார், வங்கிக் கணக்கை மூடினோம், டிவிடெண்ட் வாரண்ட் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பி வந்தது, வருஷம் ஏழு ஓடிடுச்சு. பெரும்பாலான வீட்ல நடக்கிறது இதுதான். பயப்படாதீங்க, அரசாங்கத்துக்குப் போனா போனதுதான்னு இல்லை. ஐஇபிஎஃப்-5 என்ற படிவத்துல விண்ணப்பிச்சுத் திரும்ப வாங்கலாம். ஆன்லைன்ல நிரப்பி, அச்சு எடுத்து, ஆவணங்களோட கம்பெனியோட நோடல் அதிகாரிக்கு அனுப்பணும். அவங்க சரிபார்த்து அறிக்கை கொடுத்த பிறகு ஷேர் உங்க டிமேட் கணக்குக்கு வரும். விண்ணப்பத்துக்கு அரசுக் கட்டணம் கிடையாது. ஒரு கம்பெனிக்கு ஒரு நிதியாண்டுல ஒரே ஒரு விண்ணப்பம்தான் போட முடியும், அதனால அவசரப்பட்டு அரைகுறையா அனுப்பாதீங்க.

பத்திரத்துல பேர் இருக்கிறவர் இருந்தார்னா வேலை சுலபம். கேஒய்சி-க்கு ஐஎஸ்ஆர்-1, கையெழுத்து மாறியிருந்தா வங்கி மேலாளர் சான்று கொடுக்கிற ஐஎஸ்ஆர்-2, அப்புறம் டிமேட். 2019 ஏப்ரல் 1-ல் இருந்து லிஸ்டட் கம்பெனி ஷேரை காகிதமாக் கைமாத்த முடியாது, அதனால டிமேட் இல்லாம விற்கவும் முடியாது.

அவர் காலமாகியிருந்தா அதுக்குப் பேர் டிரான்ஸ்மிஷன், படிவம் ஐஎஸ்ஆர்-5. நாமினி போட்டிருந்தா கொஞ்சம் எளிது. போடலைன்னா இறப்புச் சான்றிதழ், தாசில்தார் தர்ற வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளோட ஆட்சேபனை இல்லைங்கிற கடிதம், நோட்டரி முன்னிலையில உறுதிமொழிப் பத்திரம். 2022-ல் செபி இந்த எளிய வழிக்கான வரம்பை, காகித ஷேருக்கு ஒரு கம்பெனிக்கு 5 லட்சம் ரூபாய் மதிப்புன்னு உயர்த்தியது. அதுக்கு மேல போனா கேட்கிற ஆவணங்கள் கூடும், சில குடும்பங்கள் நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டி வரும். படிவங்கள் அப்பப்போ மாறும். அனுப்புறதுக்கு முன்னாடி ஆர்டிஏ இணையதளத்துல அன்னைக்கு இருக்கிறதையே இறக்கிக்கோங்க.

தமிழ்நாட்டு ஆட்களுக்குன்னே ஒரு ஸ்பெஷல் தொல்லை இருக்கு: இனிஷியல். பத்திரத்துல 'எஸ்.முத்தையா'. பான் கார்டுல 'முத்தையா சங்கரலிங்கம்'. ஆதார்ல 'முத்தையா எஸ்'. இறப்புச் சான்றிதழ்ல 'சங்கரலிங்கம் மகன் முத்தையா'. நாலு பேரும் ஒரே ஆள்னு நமக்குத் தெரியும், மும்பையில உட்கார்ந்து பார்க்கிற அதிகாரிக்குத் தெரியாது. ஒரே நபர்தான்னு ஒரு உறுதிமொழிப் பத்திரமும், பழைய விலாசம் இருக்கிற ஏதாவது ஒரு ஆவணமும் சேர்த்தே அனுப்பிடுங்க. பழைய டிவிடெண்ட் கவர் ஒண்ணு கிடைச்சாக்கூடத் தூக்கிப் போடாதீங்க.

ஏஜெண்ட் விஷயத்துல உஷார். "பாதி எங்களுக்கு"ன்னு எழுதி வாங்குறவங்க இருக்காங்க, முன்பணம் கேட்டு ஓடிப் போறவங்களும் இருக்காங்க. ஃபோலியோ நம்பர், கையெழுத்து, பான் மூணையும் தெரியாத ஆளுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க. கம்பெனி செக்ரட்டரி ஒருத்தர்கிட்ட நியாயமான கட்டணம் கொடுத்துச் செய்யலாம், அதுல தப்பில்லை.

விற்கும்போது வரி வரும். "அப்பா எவ்வளவுக்கு வாங்கினார்னே தெரியாதே"ன்னு கவலைப்பட வேண்டாம். 2001 ஏப்ரல் 1-க்கு முன்னாடி வாங்கினதுக்கு அந்தத் தேதி சந்தை மதிப்பை எடுத்துக்கலாம். லிஸ்டட் ஷேருக்கு 2018 ஜனவரி 31 விலைக்கும் ஒரு சலுகை இருக்கு. உங்க ஆடிட்டர்கிட்ட இந்த ரெண்டு தேதியையும் சொல்லுங்க, மீதியை அவர் பார்த்துக்குவார்.

நம்ம மஞ்சப்பைக்காரர் கதை என்ன ஆச்சு? நாலு பத்திரத்துல ரெண்டு கம்பெனி இப்போ இல்லை. ஒண்ணு வேற கம்பெனியோட சேர்ந்து, அதுக்குப் பதிலா என்ன விகிதத்துல ஷேர் கொடுத்தாங்கன்னு ஆர்டிஏ-க்கு எழுதியிருக்கார். நாலாவது நல்லா ஓடிக்கிட்டிருக்கு. எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன். ஷேர் ஐஇபிஎஃப்-ல இருக்கு. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துல விண்ணப்பிச்சாச்சு. கோயம்புத்தூர்ல இருக்கிற தங்கச்சிகிட்ட ஆட்சேபனை இல்லைங்கிற கையெழுத்து வாங்கணும். அவரே கேட்டார், "நான் மட்டும் எடுத்துக்கிட்டா என்ன சார், அவளுக்கு இதெல்லாம் தெரியாதே"ன்னு. தங்கச்சிக்கும் சம பங்கு, மறைச்சு வாங்கினா நாளைக்கு வழக்கு உங்க மேலதான்னு சொன்னேன். தலையாட்டிட்டுப் போனார்.

ரெண்டு நாள் கழிச்சு போன். அதே டிரங்குப் பெட்டியில அடியில ஒரு சின்ன அட்டை நோட்டு இருந்திருக்கு. அப்பா கையெழுத்து. ஒரு பக்கம் ஒரு கம்பெனி. எந்த வருஷம் எத்தனை ஷேர், என்ன விலை, தரகு எவ்வளவு, ஒவ்வொரு வருஷமும் வந்த டிவிடெண்ட் எத்தனை ரூபாய் எத்தனை பைசா, எல்லாம் மண்டிக் கணக்கு மாதிரி வரி வரியா. வராத வருஷத்துக்குப் பக்கத்துல சிவப்பு மையில 'கடிதம் எழுதியது' என்று தேதியோட. "அப்பா மரியாதைக்கு வாங்கல சார்"னார். அந்த நோட்டை ஆர்டிஏ-க்கு அனுப்பணுமான்னு கேட்டார். அசலை அனுப்ப வேண்டாம், ஃபோலியோ நம்பர் எழுதியிருக்கிற பக்கத்தை மட்டும் நகல் எடுத்து வைங்கன்னு சொல்லியிருக்கேன்.